லைன்ல இருங்க

என் அக்கா எனக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது. ஆபீஸில் ‘மேடம்’ என்கிறார்கள், வங்கியில் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கத்துகிறார்கள். சின்ன வயதில் எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் நான் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு நின்றதால் வந்த பெயர் அது. அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர்கள் மூன்றே பேர்தான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிச்சம் அக்கா. எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் நான் முறைப்பேன். அக்கா மட்டும், “வந்ததெல்லாம் ராங் நம்பர்” என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் அவள் குரலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றிருந்த காலம் அது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. வாசல் மணி அடித்தால் சட்டென்று திறக்க மாட்டாள். உள்ளேயிருந்தபடி, “யாருங்க பேசுறது?” என்பாள். நான் வெளியே நின்று “உம்மணாமூஞ்சி” என்று சொன்னால்தான் கதவு திறக்கும். என் கைப்பையில் சாவி உண்டு. எடுத்துத் திறந்துவிட்டால் அம்மாளுக்குக் கோபம் வந்துவிடும். “அப்புறம் ஆபரேட்டர்னு நான் ஒருத்தி எதுக்குடி இருக்கேன்?”

ஒரு நாள் சாயங்காலம் நான் வழக்கம்போலப் பெயரைச் சொன்னேன். உள்ளேயிருந்து, “ராங் நம்பர்” என்று பதில் வந்தது. கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். “சரி சரி, கால் வலிக்குது, திற” என்றேன். “அப்படி யாரும் இங்க இல்லீங்க, போன வைங்க” என்றாள். குரலில் சிரிப்பே இல்லை. சாவியைப் போட்டுத் திறந்தபோது அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, திருடியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

நரம்பு மருத்துவர் படமெடுத்தார், கேள்விகள் கேட்டார், மறதி நோய் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதித் தந்தார். அந்த மாத்திரையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் பிழைப்பே அதுதான். மூளையில் ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்குச் செய்தி கொண்டுபோக ஒரு ரசாயனம் இருக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைத்துப் போட கோலினெஸ்டரேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. மறதி நோயில் செய்தி கொண்டுபோகிற ரசாயனமே குறைந்துபோகும். அதனால் துடைக்கிறவனை இந்த மாத்திரை கட்டிப்போடும், இருக்கிற கொஞ்ச ரசாயனம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். நான் இதை மூச்சுவிடாமல் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதாவது பேசிட்டு இருக்கும்போதே லைன வெட்டுறவன் கையக் கட்டிப் போடுறாங்க. அதுக்கு எதுக்குடி இவ்வளவு நீட்டுற?” என்றாள்.

மாத்திரை நோயைக் குணப்படுத்தாது. அதுவும் எனக்குத் தெரியும். எல்லோருக்கும் வேலை செய்யாது, செய்தாலும் கொஞ்ச காலம்தான். ஆனால் அக்காவுக்கு வேலை செய்தது. சில வாரங்களுக்குப் பிறகு ஒரு சாயங்காலம் நான் மணியடித்துப் பெயரைச் சொல்ல, கதவு திறந்தது. “ஏண்டி இவ்வளவு லேட்டு? மூஞ்சியப் பாரு, மூணு நாள் பட்டினி கிடந்தவ மாதிரி.” நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கதவு திறக்க வேண்டும், அவள் வாயால் என் பெயர் வர வேண்டும். வேறு யார் என்னை எப்படிக் கூப்பிட்டால் எனக்கென்ன?

கடைக்கு வந்துவிட்ட மருந்துகள் யாருக்கு என்ன கெடுதல் செய்கின்றன என்று பார்ப்பது எங்கள் ஆபீஸ். மருத்துவமனைகள் அனுப்புகிற தகவல்களைக் கிளறிக்கொண்டு, ஜன்னல் இல்லாத ஒரு அறையில், ஏசி ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நோயாளி ஒருவரையும் கண்ணால் பார்க்க மாட்டோம். அந்த வருடம் என் தலையில் விழுந்தது ஒரு விசித்திரமான கேள்வி. இந்த ஞாபக மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் குடல் அடைத்துக்கொள்கிறது, அது மாத்திரையாலா, இல்லையா?

கேள்வி ஏன் விசித்திரம் என்றால், மூளையில் செய்தி கொண்டுபோகிற அதே ரசாயனம்தான் குடலுக்கும் ‘நகரு, நகரு’ என்று சொல்கிறது. மாத்திரை போட்டால் குடல் கூடுதலாக நகர வேண்டும். வயிறு கலக்கினால் நியாயம் உண்டு, அடைத்தால் என்ன நியாயம்? குடல் தூங்கிப்போய் அடைத்துக்கொண்டவர்களுக்கு இந்த இனத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்தை ஊசியாகப் போட்டு எழுப்பிவிடுவதே உண்டு. ஆனால் வழியில் சுவர் மாதிரி ஏதாவது இருந்தால் கதை வேறு. குடலை விரட்டிவிட்டால் அது போய்ச் சுவரில் முட்டும்.

நான் வேலையில் கறார். எண்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பேன். இந்த மாத்திரை சாப்பிடுகிற பலருக்குச் சிறுநீர் அவசரமாக வரும், சமயத்தில் அடக்க முடியாது. அதற்கென்று வேறொரு மாத்திரை தருவார்கள். அந்த நீர்ப்பை மாத்திரை அதே செய்தியை வழியில் மறிப்பது. நீர்ப்பையை அடக்கும், கூடவே குடலையும் மந்தமாக்கி மலச்சிக்கல் தரும். ஆகவே அதைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களின் தகவலெல்லாம் குட்டையைக் குழப்பும் என்று மொத்தமாகத் தூக்கி ஒதுக்கச் சொன்னேன்.

எங்கள் புள்ளியியல்காரிக்கு ஆபீஸில் பெயரே ‘புள்ளி’. என் வயதில் பாதி, வாய் மட்டும் இரண்டு மடங்கு. “மேடம், நிஜத்துல நிறைய பேர் ரெண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுறாங்க. அவங்களைத் தூக்கிட்டா அப்புறம் யாரைப் பத்தி ஆராய்ச்சி பண்றோம்?” என்றாள்.

“எனக்கு இந்த மருந்தப் பத்தித் தெரியணும். கூட்டணியப் பத்தி இல்ல.”

“சரி, நீங்க சொன்னா சரி” என்று தோளைக் குலுக்கினாள். எனக்கு அந்தத் தோள் குலுக்கல் பிடிக்காது.

அக்காவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாள் வருவார். வாயில்லாப் பூச்சி. ஆனால் வாசல் மணி அடித்தால் தான் போகக் கூடாது, அது ஆபரேட்டர் வேலை என்று மட்டும் தெளிவாகத் தெரிந்து வைத்திருந்தார். ஒரு மத்தியானம் அவர் எனக்கு போன் செய்து, அக்கா சாப்பிடவில்லை, வயிறு உப்பியிருக்கிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறாள் என்றார். நான் ஓடினேன். அக்கா கட்டிலில் சுருண்டு கிடந்தாள். வயிற்றைத் தொட்டால் மேளம் மாதிரி இருந்தது. “என்னக்கா செய்யுது?” என்றேன். “லைன் ஜாம்டி” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவசரப் பிரிவில் அறுவை மருத்துவர் சின்ன வயதுக்காரர், தூக்கம் கெட்ட கண். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் கடகடவென்று ஒப்பித்தேன். ரத்த அழுத்த மாத்திரை, ஞாபக மாத்திரை, அப்புறம்... அப்புறம் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. கோடையில் ஒரு தடவை அக்கா சோபாவை நனைத்துவிட்டு, அவமானத்தில் யாரோடும் பேசாமல் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த முறை போனபோது நரம்பு மருத்துவர் ஒரு நீர்ப்பை மாத்திரை சேர்த்தார். நான்தான் கடையில் வாங்கினேன், நான்தான் தினமும் எடுத்துக் கொடுத்தேன். ஆபீஸில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடித் தேடி ஒதுக்கிய அதே மாத்திரை. அங்கே அது ஒரு எண், வீட்டில் அது சமையலறை அலமாரியில் உப்புக்குப் பக்கத்தில் இருக்கிற டப்பா. இரண்டும் ஒன்று என்று எனக்கு உறைக்கவே இல்லை. தலையில் நங்கென்று அடித்துக்கொண்டேன், பக்கத்தில் நின்ற நர்ஸ் பயந்துவிட்டாள்.

ஸ்கேனில் வேறொன்றும் தெரிந்தது. அக்காவுக்கு நடுவயதில் கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன் நடந்தது. அந்தத் தழும்போடு உள்ளே குடல் ஒட்டிக்கொண்டு ஒரு இடத்தில் வழி குறுகியிருந்தது. மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டாம், முடிந்தவரை பார்ப்போம் என்றார் மருத்துவர். மூக்கு வழியாகக் குழாய், கையில் சலைன், வாயில் ஒன்றும் கிடையாது. மாத்திரைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் அந்த வார்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். வருகிற நர்ஸ், போகிற நர்ஸ், தரை துடைக்கிறவர் உட்பட, “காத்து பிரிஞ்சுதா பாட்டி?” குடல் வழிவிட்டதற்கு அதுதான் அத்தாட்சி. வாழ்நாள் முழுக்க வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தும்மிய என் அக்காவிடம் போய் இதைக் கேட்கிறார்கள். மூக்கில் குழாயோடு அவள் நிமிர்ந்து பார்த்து, “அந்த மாதிரி கனெக்‌ஷன் எல்லாம் இங்க கிடையாது” என்றாள்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் மகன், மருமகள், பேரன் என்று கூட்டம் வந்தது. எங்கள் கட்டிலுக்கு நான். கழிப்பறைக்குப் போகக்கூட, பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் “கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று கெஞ்ச வேண்டியிருந்தது. கெஞ்சுவது எனக்கு வராது. அந்த ஸ்டூலில்தான் முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன், இவள் போய்விட்டால் எனக்கு வயிறு உப்பும்போது யார் போன் செய்வார்கள் என்று.

ஒரு காலைப்பொழுது, நர்ஸ் ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. நீளமாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல். நான் துள்ளி எழுந்து, “நர்ஸ்! காத்து பிரிஞ்சிருச்சு!” என்று வார்டே அதிரக் கத்தினேன். பக்கத்துக் கட்டில் குடும்பம் கைதட்டியது.

“சீ! உம்மணாமூஞ்சி!” அக்காவின் முகம் சிவந்துவிட்டது. “இத எக்ஸ்சேஞ்ச் பூரா அறிவிப்பியா? மானத்த வாங்காதடி.”

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன், சிரித்தேன், இரண்டும் கலந்து மூக்கு ஒழுகியது.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீர்ப்பை மாத்திரை இனி வேண்டவே வேண்டாம், அதில் பேச்சில்லை. “ஞாபக மாத்திரையும் வேணாம்னுதான் நான் சொல்வேன். உள்ள ஒட்டு அப்படியே இருக்கு. குடலை முடுக்கிவிட்டா அந்தக் குறுகுன இடத்துல போய் முட்டும். அடுத்த தடவை கிழிஞ்சா, இந்த வயசுல தாங்க மாட்டாங்க.”

நான் சண்டைக்கு நின்றேன். அடைத்ததற்குக் காரணம் நீர்ப்பை மாத்திரைதான், அது வருவதற்கு முன்னால் ஞாபக மாத்திரை மட்டும் சாப்பிட்டபோது ஒரு தொல்லையும் இல்லை, இது என் துறை, நான் இதைத்தான் ஆராய்ச்சி செய்கிறேன் என்று மூச்சிரைக்கப் பேசினேன். அவர் முழுவதும் கேட்டார்.

“இது உங்க ஆராய்ச்சியா மேடம், இல்ல உங்க ஆசையா?”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. “ரெண்டும்தான்” என்றேன்.

“அப்ப ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு வாங்க. நீங்க என்ன முடிவு பண்ணாலும் நான் குறுக்க நிக்கல. ஆனா சீக்கிரம் பாருங்க. மருந்து விட்டுப்போயி நாளானா, திரும்ப ஆரம்பிச்சாலும் பழைய நிலைமை வருமான்னு சொல்ல முடியாது.”

மறுநாள் புள்ளியின் மேஜைக்குப் போய், ஒதுக்கி வைத்த தகவலையெல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை, தோளையும் குலுக்கவில்லை. அக்காவின் விஷயம் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு ஒரு காபி வாங்கி வைத்தாள், ஆறிப்போகும்வரை அதை நான் தொடவில்லை.

மத்தியானத்துக்குள் வரைபடம் திரையில் வந்தது. இரண்டு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் குடல் அடைப்பு நெடுநெடுவென்று நின்றது. ஞாபக மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களிடம் தரையோடு தரையாகக் கிடந்தது. “பார்த்தியா? பார்த்தியா?” என்று புள்ளியின் முதுகில் தட்டினேன். என் மனம் அதற்குள் வீட்டுக்குப் போய், டப்பாவைத் திறந்து, அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டது.

புள்ளி சிரிக்கவில்லை. “இன்னும் ஒன்னு பார்க்கணும் மேடம். முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஆனவங்களைத் தனியா பிரிக்கவா?”

பிரிக்க வேண்டாம் என்று சொல்லலாம். கேள்வி அதுவல்ல என்று சொல்லலாம். அப்படிச் சொல்லித்தான் முன்பு ஒதுக்கினேன். “பிரி” என்றேன்.

பிரித்தாள். வயிற்றில் முன்பு ஆபரேஷன் ஆனவர்களிடம், நீர்ப்பை மாத்திரை இல்லாமலேயே, ஞாபக மாத்திரை மட்டும் சாப்பிட்டும், அடைப்பு எழுந்து நின்றது. கோபுரம் இல்லை, ஒரு மேடு. ஆனால் மேடு மேடுதான்.

அறையில் ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. புள்ளி என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள். “ரொம்பக் கொஞ்சம் பேர்தான் மேடம். இத வச்சு எதையும் உறுதியா சொல்ல முடியாது. வேற யாராவது இத நம்மகிட்ட கொண்டுவந்தா, ‘போதாது, போங்க’ன்னு நாமளே திருப்பி அனுப்பிடுவோம். வீட்ல நீங்க தைரியமா...”

“அந்தக் கொஞ்சப் பேர்ல ஒருத்தி என் அக்காவா இருந்தா?”

அவள் கை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொதுவாக யாராவது தொட்டால் நான் சிலிர்த்துக்கொள்வேன், அன்று பேசாமல் இருந்தேன். அறிக்கையில் அந்த மேட்டைத் தனியாக, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் போடச் சொன்னேன். முன்பு நான் ஒதுக்கச் சொன்னது தப்பு என்பதையும் சேர்க்கச் சொன்னேன். பிறகு வீட்டுக்குப் போய், ஞாபக மாத்திரை டப்பாவை எடுத்துக் கைப்பையில் போட்டு, மறுநாள் ஆபீஸில் கழிவு மருந்துத் தொட்டியில் போட்டேன். வீட்டுக் குப்பையில் போட்டிருந்தால் நானே போய்ப் பொறுக்கி எடுத்திருப்பேன்.

அக்காவின் வயிறு அதற்கப்புறம் ஒரு குறையும் வைக்கவில்லை. ரொட்டி, சூப், பழம் எல்லாம் ருசித்துச் சாப்பிட்டாள். கன்னத்தில் சதைகூடப் போட்டது. பகலில் வரும் அம்மாள், “அக்கா வயிறு கடிகாரம் மாதிரி வேலை செய்யுதும்மா” என்று சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன், பொய்யில்லை.

முதலில் போனது ‘டி’. ஒரு நாள் காலை நான் புறப்படும்போது, வழக்கமாகச் சொல்கிற “சாப்பிட்டியாடி?” வரவில்லை. “சாப்பிட்டீங்களா?” என்றாள், எக்ஸ்சேஞ்சில் முன்பின் தெரியாத ஆட்களிடம் பேசுகிற அதே இனிமையான குரலில். “சாப்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் அக்கா என்னை ‘ங்க’ போட்டுப் பேசுவாள் என்று யார் கண்டது? அவள் திட்டினால்கூட எனக்கு இனித்திருக்கும்.

ஆனால் வாசல் கதவு மட்டும் இன்னும் திறந்துகொண்டிருந்தது. உம்மணாமூஞ்சி என்றால் ஏதோ ஒரு பழக்கத்தில் திறந்துவிடுவாள், முகத்தைப் பார்த்ததும்தான் குழம்புவாள். அது போதும் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒவ்வொரு சாயங்காலமும் படியேறும்போது, இன்றைக்கு ராங் நம்பரா, இன்றைக்கா என்று கேட்டுக்கொள்வேன்.

அன்றைக்கு மழை. நனைந்த குடையை மடக்கிவிட்டு மணியடித்தேன்.

“யாருங்க பேசுறது?”

“உம்மணாமூஞ்சி.”

ராங் நம்பர் என்று வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“அவளா? அவ இன்னும் ஆபீஸ்லேருந்து வரலீங்களே” என்றாள் அக்கா. “வர்ற நேரம்தான். நீங்க யாருன்னு சொல்லட்டும்?”

யாரென்று சொல்வது? “தெரிஞ்சவங்க” என்றேன்.

“ஒன்னும் கவலைப்படாதீங்க, கனெக்‌ஷன் குடுக்குறேன். லைன்ல இருங்க.”

சாவி கையில்தான் இருந்தது. நான் திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கூப்பிட்டாள். இத்தனை வாரமாக நான் கேட்காத குரல், ‘ங்க’ இல்லாத, எக்ஸ்சேஞ்ச் இல்லாத, எனக்கே எனக்கான குரல்.

“ஏய் உம்மணாமூஞ்சி, உனக்குத்தாண்டி போன். யாரோ ஒரு அம்மா. பாவம், குரலே சரியில்ல, அழுவுறாங்க போல. எங்க இருந்தாலும் சீக்கிரம் வாடி.”

குடையிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டியது.

“இதோ வர்றேன்க்கா” என்றேன், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு.